மழை கூரையில், ஈரம் காலில்: பழைய லேண்ட்ரோவருக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

கேமரன் மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மதியம் தாண்டியதும் மழை இறங்கும். கோஸ் ஏற்றிய லேண்ட்ரோவர் ஒன்று செம்மண் சரிவில் உறுமிக்கொண்டு ஏறும். ஓட்டுநர் வலது காலில் மட்டும் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டியிருப்பார்.

ரிங்லெட் பக்கம் காய்கறி ஏற்றும் என் மாமா இரண்டு வருடம் அப்படித்தான் ஓட்டினார். காலையில் பள்ளிப் பிள்ளைகளும் அதே வண்டியில்தான் இறங்குவார்கள். “பழைய வண்டின்னா ஒழுகத்தான் செய்யும்” என்பது வீட்டில் ஒரு பழமொழி போலவே ஆகிவிட்டது. ஒருநாள் இரவு மழையில், வளைவு ஒன்றில் வண்டியின் முன்விளக்குகள் இரண்டும் சட்டென்று அணைந்தன. பக்கத்து இருக்கையில் அவருடைய மகள். எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டார். மறுநாள் பார்த்தபோது டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஃபியூஸ் பெட்டி பச்சைப் பூத்துக் கிடந்தது. அதன் பிறகுதான் இந்தத் தண்ணீரை வீட்டில் யாரும் வேடிக்கையாகப் பேசவில்லை.

லேண்ட்ரோவர் ஏன் இப்படி ஒழுகுகிறது? 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான வண்டி அது. போருக்குப் பிந்தைய இரும்புத் தட்டுப்பாட்டால் உடலுக்கு அலுமினியக் கலவைத் தகடு போட்டார்கள். கூரை, கதவு, முன்கண்ணாடிச் சட்டம் எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் துண்டுகள். முன்கண்ணாடியையே முன்னால் மடித்துப் படுக்கவைக்கலாம். 1990-இல் டிஃபெண்டர் என்று பெயர் மாறியது; 2016-இல் தயாரிப்பு நிற்கும்வரை அடிப்படைக் கட்டு பெரிதாக மாறவில்லை. போல்ட் போட்டு இணைத்த ஒவ்வொரு மூட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. அந்த ரப்பர் காய்ந்து இறுகிவிட்டால் அங்கே மழைக்கு ஒரு வாசல் திறந்துவிடும்.

மாமா செய்த தவறு, நம்மில் பலரும் செய்வதுதான். டேஷ்போர்டின் வலது ஓரத்தில் சொட்டியது. அதனால் அதற்கு நேர் மேலே சிலிக்கான் பூசினார். அடுத்த மழையில் மறுபடி சொட்டியது. மறுபடி பூசினார். மூன்றாம் முறை ஒரு பட்டறையில் காசு கொடுத்துப் பூசச் சொன்னார். அதுவும் நிற்கவில்லை.

தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் எங்கள் பக்கத்து லயத்தில் இருக்கிறார். வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, சொட்டுற எடம் வாசப்படி இல்ல. அது கொல்லப்புறம். தண்ணி எங்க நுழைஞ்சுச்சுன்னு பாரு” என்றார். உள்ளே புகுந்த தண்ணீர் தகட்டின் மடிப்பிலும் சட்டத்தின் உட்குழியிலும் மின்கம்பிகளின் மேலும் ஓடி, ஒரு முழம், சில சமயம் ஒரு மீட்டர் தள்ளிக்கூட விழும். மேட்டில் நிறுத்தினால் ஓரிடத்திலும் பள்ளத்தில் நிறுத்தினால் வேறிடத்திலும் சொட்டும். வண்டி நிற்கும் சாய்வைக் கவனித்தாலே பாதித் துப்பு கிடைத்துவிடும்.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு ஒன்று தோன்றியது. ஒழுகுவது, சொட்டுவது, கசிவது, ஊறுவது என்று நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. தாத்தாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் பிரித்துக் கேட்டார். “மழை விட்ட பிறகும் சொட்டுதா? பாய் மட்டும் ஊறிக் கிடக்குதா?” மழை நின்று அரை மணி கழித்தும் சொட்டினால், தண்ணீர் எங்கோ ஓர் உட்குழியில் தேங்கி மெல்ல இறங்குகிறது என்று பொருள்.

அது மழைத் தண்ணீர்தானா என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும். மழையே இல்லாத நாளில் ஏர்கான் போட்டு ஓட்டியதும் தரை நனைந்தால், ஏர்கான் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். தொட்டால் வழவழவென்று, நிறத்தோடு, இனிப்பு வாடையோடு இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். அதற்கு ரப்பர் மாற்றி ஒரு பயனும் இல்லை.

மழைதான் என்று உறுதியானால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். பாய், இருக்கை, டேஷ்போர்டின் கீழ்த்தட்டு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து முழுக்கக் காயவிட வேண்டும். பிறகு உள்பக்க மூட்டுகளில் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். தண்ணீர் ஓடிய இடத்தில் பவுடரில் கோடு விழும். ஒருவர் டார்ச் லைட்டுடன் உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே ரப்பர் குழாயால் தண்ணீர் விட வேண்டும். பீய்ச்சி அடிக்கக் கூடாது; மழை போல மெதுவாக வழியவிட வேண்டும். கீழிருந்துதான் தொடங்க வேண்டும், இதுதான் முக்கியம். கூரையில் முதலில் ஊற்றினால் எல்லா மூட்டும் ஒன்றாக நனைந்து, எது குற்றவாளி என்றே தெரியாமல் போய்விடும். கதவின் அடிப்பகுதி, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று மூடிகள் (2007-க்கு முந்தைய வண்டிகளில் இருக்கும்), கண்ணாடிச் சட்டத்தின் அடி, கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

எங்கள் வண்டியில் கதவில் ஒன்றுமில்லை. காற்று மூடியில் ஒரு துளி. சட்டத்தின் அடியில், மாமா மூன்று முறை பூசிய இடத்தில், சொட்டுக்கூட இல்லை. கூரையின் முன்விளிம்பு முன்கண்ணாடிச் சட்டத்தோடு சேரும் போல்ட் வரிசையில் தண்ணீர் விட்ட நான்காவது நிமிடம், உள்ளே இருந்த என் தங்கை கத்தினாள். வலது மூலையில் நுழைந்த தண்ணீர், சட்டத்தின் ஓரமாகவே இறங்கி, டேஷ்போர்டுக்கு வந்து, அங்கிருந்து மாமாவின் காலுக்கு.

அந்த போல்ட்களைத் தளர்த்தி, கூரையை மரக்கட்டை கொடுத்து ஒரு விரல் அளவு தூக்கி, கல்லாகிப்போன பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்தோம். பழைய சிலிக்கானைச் சுரண்டத்தான் அரை நாள் போனது. அதை முழுக்க எடுக்காவிட்டால் அதன் மேல் எந்தப் பசையும் ஒட்டாது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் மலிவான சிலிக்கான் பலவும் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்; கண்ணாடிச் சட்டமோ இரும்பு. ‘நியூட்ரல்’ என்று குறிப்பிட்டிருக்கும் வகையையோ, வண்டிக்கான பாலியூரித்தேன் பசையையோ கேட்டு வாங்குங்கள். புது ரப்பர் வைத்து, போல்ட்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ஒரே மூச்சில் ஒரு பக்கம் முறுக்கினால் மறுபக்கம் வாய் பிளக்கும்.

கதவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கதவுக் கண்ணாடி ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வெளியேறத்தான் கதவின் அடியில் துளைகள் இருக்கின்றன. ஒழுகுகிறது என்று அந்தத் துளைகளை அடைப்பவர்கள் உண்டு. கதவின் உட்சட்டம் இரும்பு, வெளித்தகடு அலுமினியம். இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கினால் இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்தால் போதும். கதவு ரப்பர் பிடிக்கிறதா என்று பார்க்க, ஒரு காகிதத் துண்டை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பரைக் குறை சொல்லும் முன் கீலையும் பூட்டுக் கொண்டியையும் சரிசெய்து பாருங்கள்.

ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வைத்திருப்பவர்கள் பின்கண்ணாடிக்கு மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கின் ரப்பரையும், வைப்பருக்குக் கீழே இலை சேர்ந்து அடைக்கும் வடிகாலையும் முதலில் பார்க்கலாம். 1998-க்குப் பிந்தைய டிடி5 எஞ்சின் டிஃபெண்டர் வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடவே வேண்டாம். அதன் எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி இருக்கைக்கு அடியில் இருக்கிறது.

மாமா ஃபியூஸ் பெட்டியை மாற்றிவிட்டார். சென்ற வாரம் இரண்டு மணி நேரம் கொட்டிய மழையில் வலது கால் காய்ந்தே இருந்தது. அந்தக் காற்று மூடியின் ஒரு துளி மட்டும் இன்னும் இருக்கிறது. அதற்கான ரப்பர் வாங்கி வைத்தாயிற்று; மழை விடும் ஒரு ஞாயிறுக்குக் காத்திருக்கிறோம்.