விமானம் ஓட்டும் கணினியும் வங்கிக் கணக்கும்

பெங்களூருக்கும் வானூர்திகளுக்கும் உள்ள உறவு நெடியது. 1940-இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் இங்கே தொடங்கப்பட்ட நாள் முதல், விமானங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த தலைமுறைகள் இந்நகரில் உண்டு. அவர்களுள் பலர் இன்று வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுகின்றனர். 2008 மே மாதத்தில் கெம்பேகவுடா விமான நிலையம் திறக்கப்பட்டதும் பழைய ஹெச்.ஏ.எல். நிலையத்தில் வழக்கமான பயணிகள் சேவை நின்றுபோனது. ஆயினும் ஃபிளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர் இன்றும் அந்தப் பழைய ஓடுதளத்தில் பயணிகள் விமானம் ஒன்றை இறக்கி மகிழலாம். தீங்கற்ற, அறிவை வளர்க்கும் பொழுதுபோக்கு இது.

எனினும் இல்லங்கள் பலவற்றில் விமானம் ஓட்டும் கணினி அந்த ஒன்றுக்கு மட்டும் பயன்படுவதில்லை. மாலையில் மகன் விமானம் ஓட்டும் அதே கணினியில், இரவில் தந்தை மின்கட்டணம் செலுத்துகிறார், வைப்புத்தொகையைப் புதுப்பிக்கிறார். ஆகவே, சிமுலேட்டர் உள்ள கணினிக்கு எந்த ஆன்டிவைரஸ் மென்பொருள் ஏற்றது என்ற வினா விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று. வங்கிக் கணக்கைப் பற்றியதும் ஆகும்.

சிமுலேட்டருக்கு இதில் தனிச் சிக்கல் ஏன் என்பதை முதலில் காண்போம். கடையில் வாங்கிய மென்பொருளோடு இப்பொழுதுபோக்கு நின்றுவிடுவதில்லை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வெளிவந்தது. கெம்பேகவுடா நிலையத்தின் இரண்டாம் முனையமோ 2022 நவம்பரில்தான் திறந்துவைக்கப்பட்டது. மூங்கிலும் தோட்டமுமாகப் பொலியும் அந்த முனையத்தைத் திரையில் காண விரும்புபவர், யாரோ ஓர் ஆர்வலரோ சிறு நிறுவனமோ உருவாக்கிய கூடுதல் தொகுப்பை இணையத்திலிருந்து பதிவிறக்கித்தான் ஆக வேண்டும். விமான மாதிரிகள், வானிலைக் கருவிகள், வண்ணப் பூச்சுகள் என இத்தகைய தொகுப்புகள் ஒரே கணினியில் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிடுவது உண்டு.

அவற்றோடு வரும் குறிப்புகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி காணப்படும்: “நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும்.” இதற்கு ஓரளவு நியாயமும் உண்டு. ஆன்டிவைரஸ் என்பது ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும் கணத்தில் குறுக்கிட்டுச் சோதிக்கும் காவலாளி. சிமுலேட்டரோ பெங்களூரிலிருந்து சென்னைக்குப் பறக்கும் வழியெங்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறந்தவண்ணம் இருக்கும். சோதனை ஒவ்வொன்றும் நொடியின் சிறு பகுதியே ஆயினும், அவை கூடும்போது காட்சி தடுமாறுகிறது. இறங்கும் தறுவாயில் ஒரு கணம் திரை உறைந்து போகிறது. மேலும், சிறு நிறுவனங்களின் நிறுவுகோப்புகள் பலவற்றில் டிஜிட்டல் கையொப்பம் இருப்பதில்லை. புதியதும் அதிகம் பேர் பயன்படுத்தாததுமான கோப்பைக் கண்டால் ஐயுறுவது ஆன்டிவைரஸின் இயல்பு. எனவே குற்றமற்ற கோப்பும் சில வேளைகளில் பிடிபடுகிறது.

இப்படி நிறுத்தி நிறுத்திப் பழகியவர்களுக்கு 2018 பிப்ரவரியில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. ஃபிளைட் சிம் லேப்ஸ் என்னும் நிறுவனம் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் நுட்பமான மாதிரி ஒன்றை விற்றுவந்தது. அதன் நிறுவுகோப்பினுள் க்ரோம் உலாவியில் சேமிக்கப்பட்ட கடவுச்சொற்களை வெளியே எடுக்கும் ஒரு சிறு நிரல் இருப்பதைப் பயனர்கள் கண்டுபிடித்தனர். நிறுவனம் அதை மறுக்கவில்லை. திருட்டுப் பிரதி பயன்படுத்தும் குறிப்பிட்ட ஒருவரைப் பிடிக்கவே அதனைச் சேர்த்ததாகவும், முறையாகப் பணம் செலுத்தியவர்களின் கணினியில் அது இயங்குவதில்லை என்றும் விளக்கம் தந்தது. எதிர்ப்பு வலுக்கவே அந்நிரலை நீக்கிப் புதிய நிறுவுகோப்பை வெளியிட்டு வருத்தமும் தெரிவித்தது.

நிறுவனத்தின் விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் வாடிக்கையாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அது திருட்டுத் தளத்திலிருந்து வந்த கோப்பு அன்று. பணம் கொடுத்து, பெயர் பெற்ற நிறுவனத்திடம் வாங்கியது. திருடனைப் பிடிக்க வைத்த கருவியானாலும், அது முறையாக வாங்கியவர் வீட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது. இப்படியொரு கோப்பு வரும்போது எச்சரிக்கக் கூடியது ஆன்டிவைரஸ் ஒன்றே. அந்த நேரம் பார்த்து அதனை உறங்க வைத்துவிட்டால், அது இருந்தும் பயனில்லை.

ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எமது அளவுகோல் எளிது: விமானம் ஓட்டும்போதும் அணைக்க வேண்டிய தேவை எழாத மென்பொருளே சிமுலேட்டர் கணினிக்கு ஏற்றது. நூறு வசதிகள் கொண்ட விலையுயர்ந்த தொகுப்பாக இருந்தும், தொல்லை தாளாமல் அதனை நீங்கள் வாரம் மும்முறை நிறுத்துவீர்களானால், அது உங்களுக்கு உரியதன்று.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றோடு விலையின்றி வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் பெரும்பாலான இல்லங்களுக்குப் போதுமானது என்பதே எம் கருத்து. ஒரு நிபந்தனை உண்டு. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிவுற்றது. பழுது நீக்கங்கள் வராத இயங்குதளத்தின் மீது எந்த ஆன்டிவைரஸை வைத்தாலும் அது ஓட்டைக் கூரையின் கீழ் குடை பிடிப்பதற்கு ஒப்பாகும்.

விலை கொடுத்து வாங்க விரும்புவோர்க்குச் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் உள்ளிட்ட உள்நாட்டு மென்பொருள்களும், வெளிநாட்டுத் தயாரிப்புகள் பலவும் உள்ளன. விளம்பரத்தைக் காட்டிலும் தனித்த சோதனைக்கூடங்களின் அறிக்கைகளைப் பார்ப்பது நலம். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என்ற மூன்று தலைப்புகளில் தலா ஆறு புள்ளிகள் வழங்குகிறது. பலரும் முதல் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவர். சிமுலேட்டர் ஆர்வலர் மற்ற இரண்டையுமே கூர்ந்து நோக்க வேண்டும். கணினியை எவ்வளவு தாமதப்படுத்துகிறது, குற்றமற்ற கோப்பை எத்தனை முறை தவறாகப் பிடிக்கிறது என்பவை அங்கேதான் தெரியும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் வேகத்துக்கென்றே தனி அறிக்கை வெளியிடுகிறது.

இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒருசேர நிறுவினால் இரட்டைப் பாதுகாப்பு என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. இவை இயங்குதளத்தின் ஆழத்தில் வேலை செய்பவை. ஒன்றை ஒன்று தடுத்துக்கொண்டு கணினியை நிலைகுலையச் செய்யும். அந்த ஆழத்தில் ஒரு சிறு பிழை நேர்ந்தால் என்னவாகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று மெய்யான விமானத்துறையே கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் நாட்டுப் பயணிகள் சிலர் கையால் எழுதப்பட்ட போர்டிங் பாஸுடன் விமானம் ஏறினர்.

அணைக்காமல் சமாளிக்கும் வழி, விலக்குப் பட்டியல் என்னும் வசதி. டிஃபெண்டரில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பெயரில் இது இருக்கும். பிற மென்பொருள்களிலும் உண்டு. சிமுலேட்டர் நிறுவப்பட்ட கோப்புறையையும், கூடுதல் தொகுப்புகளை வைக்கும் ‘கம்யூனிட்டி’ கோப்புறையையும் மட்டும் அதில் சேர்த்தால் காட்சித் தடுமாற்றம் பெரிதும் குறையக்கூடும். பதிவிறக்கங்கள் வந்து சேரும் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையையும், தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தையும் ஒருபோதும் சேர்க்கலாகாது. ‘சி’ இயக்ககம் முழுவதையும் விலக்கிவிடுவோரும் உளர். அது ஆன்டிவைரஸை அணைப்பதற்குச் சமம். புதிய தொகுப்பு எதுவாயினும் முதலில் டவுன்லோட்ஸில் இருக்கும்போதே சோதித்து, பின்னரே கம்யூனிட்டிக்கு மாற்றுவது முறை. ஐயம் தீரவில்லையெனில், வைரஸ்டோட்டல் என்னும் இலவசச் சேவையில் அக்கோப்பை ஏற்றினால் பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ்கள் அதை ஒரே நேரத்தில் பரிசோதித்துச் சொல்லும். தனிப்பட்ட ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்ற வேண்டாம். ஏற்றப்படும் கோப்புகள் பிறரோடும் பகிரப்படுகின்றன.

தொகுப்பின் வகையும் கருதத்தக்கது. புதிய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் விமான நிலையக் காட்சி என்பது பெரும்பாலும் படங்களும் வடிவங்களும் அடங்கிய கோப்புறையே. நகலெடுத்து வைத்தாலே போதும். விமானங்களுக்கான நிரல்களும் அதில் வேலியிட்ட வட்டத்துக்குள்தான் ஓடுகின்றன. 2006-இல் வெளிவந்த ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ், எக்ஸ்-பிளேன் போன்றவற்றிலோ கூடுதல் நிரல்கள் கணினியில் ஏனைய மென்பொருள்களுக்குள்ள அதிகாரத்துடனேயே இயங்குகின்றன. ஆகவே, வெறும் விமான நிலையக் காட்சி ஒன்று நிர்வாகி அனுமதி கேட்கும் நிறுவுகோப்பாக வருமாயின், ஏன் என்று கேட்க வேண்டும். திருட்டுப் பிரதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வதில் அவற்றுக்கு உள்ள ஆர்வம் வேறு எவர்க்கும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும், இயலுமானால் வங்கிப் பணிகளை வேறொரு கருவியில் செய்யுங்கள் என்பதே எம் பரிந்துரை. அதே கணினியில் தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்வது நல்ல பழக்கமே. ஆனால் நிர்வாகி அனுமதி பெற்றுவிட்ட தீநிரலை அது தடுக்காது. வேறு கருவி இல்லாதவர்கள் வங்கிக் கடவுச்சொல்லையும் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் உலாவியில் சேமிக்காதிருப்பது இன்றியமையாதது. ஓ.டி.பி. இருக்கிறதே என்று அமைதியடைய வேண்டாம். மின்னஞ்சல் பறிபோனால் அதன் வழியே பறிபோகக் கூடியவை பல.

வாங்கும்போது விலையையும் சற்று நிதானமாகப் பாருங்கள். முதலாண்டுத் தள்ளுபடி விலைக்கும் புதுப்பிப்பு விலைக்கும் பெரும் வேறுபாடு இருப்பது இத்துறையில் வழக்கம். அட்டையில் தானியங்கிக் கழிவுக்கு இசைவு அளித்திருந்தால், ரிசர்வ் வங்கி விதிகளின்படி பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். வேண்டாமெனில் அப்போதே விலகலாம். “உங்கள் ஆன்டிவைரஸ் புதுப்பிக்கப்பட்டது, ரத்து செய்ய இந்த எண்ணை அழைக்கவும்” என்று மின்னஞ்சல் வந்தால் அழைக்காதீர்கள். மென்பொருளைத் திறந்து சந்தா நிலையை அதிலேயே பாருங்கள்.

கணினியில் ஏற்கெனவே தீநிரல் புகுந்திருக்குமோ என அஞ்சுவோர்க்கு, மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 முதல் இலவச நீக்கக் கருவிகளை வழங்கிவருகிறது. கணக்கிலிருந்து பணம் போனதாகத் தெரிந்தால், கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய எண்ணுக்கும் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, தவறு வங்கியிடமும் இன்றி வாடிக்கையாளரிடமும் இன்றி மூன்றாம் தரப்பால் நேர்ந்திருப்பின், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்குப் பொறுப்பு ஏதுமில்லை என்கிறது. நான்கு முதல் ஏழு நாட்கள் ஆனால் வரம்புக்குட்பட்ட பொறுப்பு உண்டு. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான தொகை முழுவதும் அவரையே சாரும்.