இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் தேற்றாத்தீவின் தென்னந்தோப்பொன்றில் 60 தேங்காய்களைக் குவித்துப் பங்கிடுவதாகக் கொள்வோம். இருவர் வரினும் மூவர் வரினும், நால்வர், ஐவர், அறுவர் வரினும் ஒரு காயையும் உடைக்காமல் சமமாகப் பிரித்துவிடலாம். 61 காய்களாயின் அந்த வசதி அடியோடு போய்விடும். 61 பேர் வந்து நிற்க வேண்டும். அல்லது ஒருவரே அள்ளிச் செல்ல வேண்டும்! நாளை 60 நாழிகையாக வகுத்த பழங்கணக்கிலும் இவ்வசதி உண்டு.

60க்கு 12 காரணிகள். அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. இவ்வாறு, தன்னிற் சிறிய எண்கள் யாவற்றையும் காரணிகளின் தொகையில் விஞ்சி நிற்கும் எண்களே கணித மேதை இராமானுஜனை ஆட்கொண்டவை. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1915இல் இவற்றைப் பற்றிய நீண்டதோர் ஆராய்ச்சியை இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் எழுதினார். அடுத்த ஆண்டு அவருக்குப் பட்டம் கிடைத்ததும் இதன் பொருட்டே. கழகத்தின் பணமுடையால் அன்று அச்சேறாத பகுதி 1997இல்தான் வெளிவந்தது.

அக்கட்டுரையில் 6746328388800 வரை செல்லும் ஓர் அட்டவணை உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட எண்கள். கணிபொறி இல்லாத காலத்துக் கைக்கணக்கு. அதில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அது 293318625600; அதாவது 29331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

மாணவர் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். இவ்வெண்ணை முதன்மைக் காரணிகளாகப் பிரித்தால் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5உம் 7உம் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு முறையும் வரும். ஒரு காரணியை ஆக்கும்போது 2ஐ ஒரு முறையும் எடாது விடலாம். ஆறு முறை வரையும் எடுக்கலாம். ஆகவே ஏழு வழிகள். ஏனையவற்றுக்கும் இவ்வாறே கணித்துப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். இதற்கு முந்திய இடத்துக்குரிய 240940299600க்கு 4800 காரணிகள். பிந்தியதாகிய 321253732800க்கு 5376. அண்டை எண்கள் இரண்டிலும் 23 காரணியாக உண்டு. இதுவோ 19உடன் நின்று, 7ஐ இரு முறை கொள்கிறது.

5040 என்னும் தொகையும் எளியதன்று. பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில் இலட்சிய நகருக்கு 5040 குடிகளை விதித்தது, அது பலவாறு பங்கிடத் தக்கது என்பதனாலன்றோ? அதன் காரணிகள் 60. நாம் தோப்பிற் கண்ட அதே 60!

இனி, கீழிருந்து ஏறிப் பாருங்கள். 3 காரணிகள் உடைய மிகச் சிறிய எண் 4. நான்கு காரணிகளுக்கு 6. ஆறுக்கு 12. பன்னிரண்டுக்கு 60. அறுபதுக்கு 5040. அந்த 5040 காரணிகளையுடைய மிகச் சிறிய எண், இராமானுஜன் பட்டியலில் இடம்பெறாத 293318625600.