எண்ணெய் தரும் தெங்கு

'எண்ணெய்' என்னும் சொல்லைப் பிரித்தால் எள் + நெய் என வரும். எள்ளின் நெய்க்கு வழங்கிய பெயர் பின்னர் எல்லா வித்துகளின் நெய்க்கும் பொதுப்பெயராயிற்று. எள்ளே சேராத தேங்காய் எண்ணெயையும் அப்பெயராலேயே அழைக்கிறோம். ஆங்கிலத்தின் 'ஆயில்' என்ற சொல்லும் இவ்வாறு பிறந்ததே. அதன் வேர் ஒலிவ மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மத்தியதரைக் கடல் நாட்டார்க்கு ஒலிவ எண்ணெய் உணவாகவும் விளக்கொளியாகவும் பயன்பட்டது. ஒலிவக் கிளை அமைதியின் சின்னம். ஐக்கிய நாடுகள் அவையின் கொடியில் அதனைக் காணலாம். ஆனால், ஒலிவம் பூப்பதற்குக் குளிர்காலம் வேண்டும். கட்சாலில் குளிர்காலம் ஏது? இங்கே அம்மரத்தின் இடத்தில் நிற்பது தெங்கு.

தெங்கு + காய் என்பது தேங்காய் எனப் புணரும். இதற்கெனவே நன்னூல் ஒரு விதி வகுத்துள்ளது. தமிழர் அதனைக் கும்பத்தின்மேல் வைத்து மங்கலப் பொருளாகப் போற்றுவர். நிக்கோபார் மக்களுக்கோ அது நாணயமாகவே இருந்தது. கப்பலில் வந்த வணிகரிடம் தேங்காயைக் கொடுத்து அரிசி, துணி, இரும்புக் கத்தி ஆகியவற்றைப் பெற்றனர். காய்களை ஒவ்வொன்றாக எண்ணாமல் இணை இணையாக எண்ணினர். சிரட்டை அவர்களுக்குத் தண்ணீர்க் கலமாயிற்று. வளர்ப்புப் பன்றிகளுக்கும் தேங்காயே தீனி.

எண்ணெய்க்கு உரியது, ஏறத்தாழ 12 மாதம் முற்றிய காய். அதனை உரித்து உடைத்து உலர்த்துவர். பச்சைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி நீரே. ஈரம் 6 விழுக்காட்டளவுக்குக் குறைந்தால் நல்ல கொப்பரை; அதன் எடையில் 60 விழுக்காட்டிற்கு மேல் எண்ணெய் இருக்கும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து எண்ணெய் காறும். மழை மிகுந்த இத்தீவுகளில் வெயிலை மட்டும் நம்ப இயலாது. ஆதலால் அடுப்பின்மேல் பரணமைத்துப் புகையிலும் வெப்பத்திலும் உலர்த்துவர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கட்சாலைத் தாக்கியது. பலர் மாண்டனர். நிலநடுக்கத்தால் தீவின் நிலமும் தாழ்ந்தது. அலை திரும்பிய பின்னும் கரையோரத் தோப்புகள் பல உப்புநீரில் நின்றன. தெங்கு கடற்காற்றைத் தாங்கும். வேர் ஓயாது உப்புநீரில் ஊறுவதைத் தாங்காது. மரங்கள் நின்றபடியே குருத்திழந்து பட்டுப்போயின.

மீண்டும் நடுவது அரிதன்று. முற்றிய நெற்றை நிழலில் கிடத்தினால் சில மாதங்களில் முளைக்கும். (அதனுள் திரளும் பூவைத் தின்று பார்க்காத பிள்ளை உங்களுள் எவரேனும் உண்டோ?) அரியது காத்திருத்தலே. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப்பின் இலங்கையிலிருந்து வந்து, இங்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டிய உங்கள் முன்னோர் இதனை நன்கறிவர். ரப்பர்க் கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் செல்லும். நெட்டை வகைத் தெங்கு காய்ப்பதற்கும் ஏறத்தாழ அதே காலம் வேண்டும். பேரலைக்குப்பின் ஒரு கன்று நடப்பட்ட நாளில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, அதன் முதற்காயைக் காணும்போது ஏழாம் வகுப்பை எட்டியிருக்கும். அதுவரை, தோப்பு முழுவதையும் இழந்த குடும்பங்கள் நிவாரண அரிசியையும் கூலி வேலையையும் கொண்டே நாள்களைக் கழித்தன.