விஸ்கித் தொழிலும் உல்லாசப் பிரயாணமும்: புதுச்சேரி விவசாயிகள் கவனிக்கத்தக்கது

மதுவை நாடி வெளியூரார் பலர் வந்து சேரும் நகரங்களுள் புதுச்சேரி ஒன்று. அமெரிக்காவில் கெண்டக்கி மாகாணத்துக்கும் அவ்வாறே பிரயாணிகள் செல்கின்றனர். ஆயினும் இரண்டிடத்தும் சுற்றுப்புற விவசாயி அடையும் பயன் ஒரு தன்மையதன்று.

போர்பன் விஸ்கி

கெண்டக்கியில் பெரிதும் வடிக்கப்படுவது போர்பன் என்னும் விஸ்கியாகும். அந்நாட்டுச் சட்டப்படி அதற்குரிய தானியக் கலவையில் நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையாமல் மக்காச்சோளம் இருத்தல் வேண்டும். எஞ்சியதற்கு ரை, கோதுமை, பார்லி முதலியன சேர்க்கப்படும். முளைகட்டிய பார்லி தானியத்தின் மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையைச் சாராயமாக்கும். பின்னர் அது வாலையில் வடிக்கப்பட்டு, உட்புறம் தீயினால் கருக்கப்பட்ட புதிய ஓக் மரப் பீப்பாய்களில் வைக்கப்படும். நிறம் மரத்திலிருந்தே வருதல் வேண்டும். வேறு நிறம் சேர்க்கலாகாது. 1964-ம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இதனை அந்நாட்டுக்கே உரிய சரக்கு எனத் தீர்மானித்தது.

1999-ம் ஆண்டில் கெண்டக்கி வடிசாலைகள் ஒன்றுகூடிப் பிரயாணிகளுக்கென ஒரு வழித்தடம் வகுத்தன. பிரயாணிகள் தானியத்தையும், வாலையையும், பீப்பாய்க் கிடங்கையும் நேரில் காண்கின்றனர். வடித்தபின் எஞ்சும் தானியச் சக்கையில் புரதமும் எண்ணெய்ச் சத்தும் ஏறக்குறைய மும்மடங்காகச் செறிந்திருப்பதால் அது கால்நடைத் தீவனமாகிறது.

புதுச்சேரியின் நிலைமை

1948-ல் சென்னை மாகாணம் முழுமைக்கும் மதுவிலக்கு விரிவுபடுத்தப்பட்டபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954-ல்தான் அதன் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. எல்லைக்கு அப்பால் விலக்கப்பட்டது இங்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் மதுக்கடைகள் திறந்தபின்னரும், இங்குத் தீர்வை குறைவானமையால் விலை நயமாயிற்று. ஆதலின் இங்கு வருவோரை இழுப்பது பெரிதும் விலைக் குறைவேயன்றி, இம்மண்ணின் விளைபொருளன்று. மேலும், இந்தியாவில் விஸ்கி என விற்கப்படுவதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம் கலந்ததாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய சரக்கை விஸ்கி என்று விற்க இடமில்லை.

2020 மே மாதத்தில், தொற்றுநோய்க் காலத்தில், புதுச்சேரி சர்க்கார் தனித் தீர்வை விதித்து மதுவின் விலையைத் தமிழ்நாட்டு விலைக்குச் சமமாக்கிற்று. 2021 ஏப்ரலில் அது நீங்கும்வரை, மலிவை நாடி வருவதற்கிருந்த முகாந்தரமும் நீங்கியிருந்தது. தீர்வை ஒன்றினாலேயே நிற்கும் வரவு, தீர்வை மாறின் நில்லாது என்பது இதனால் விளங்கும்.

செய்யத்தக்கவை

விவசாயிகள் மதுக்கடை வரவை நம்பிப் பயிர்த்திட்டம் வகுத்தல் கூடாது. கடற்கரையையும் பிரெஞ்சுத் தெருக்களையும் காண வருவோர்க்கு நெல், காய்கறி, பால், பழம் ஆகியவற்றை விற்கும் வழியே நிலையானது. பாகூர் ஏரிப் பாசனத்தார் இதற்கு ஏற்ற இடத்தில் உள்ளனர்.

தானிய வடிசாலைக்கு மக்காச்சோளம் விற்போர் ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாமல் காய வைத்தல் நலம். பூஞ்சணம் பிடித்த தானியத்தின் நஞ்சு வடித்தபின்னும் அழியாது சக்கையில் செறிந்து, மாடுகளுக்குக் கேடு செய்யும். ஈரச்சக்கை சில நாட்களில் கெடுமாதலால் உடனே பயன்படுத்தவேண்டும்.

கூலிப்பணம் கடையில் கரைந்து குடும்பம் நலிவதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் நன்கறிவர். பிரயாணிகளால் வரும் லாபத்தைக் கணக்கிடுவோர் அந்த நஷ்டத்தையும் அக்கணக்கில் சேர்த்தல் முறையாகும்.