இடையன்குடி ஐயரும் அம்மாளும்

தூத்துக்குடியில் கால்டுவெல் பெயரால் ஒரு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. "யார் இந்தக் கால்டுவெல்?" என்று கேட்டால், "தமிழுக்காகப் பாடுபட்ட வெள்ளைக்காரப் பாதிரியார்" என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் அவர் இங்கே பட்ட ஐம்பது ஆண்டுப் பாடு அந்த ஒரு வரியில் அடங்காது. அவருடைய மனைவியின் பெயரோ அந்த வரியில் வருவதே இல்லை!

ராபர்ட் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ந் தேதி அயர்லாந்தில் பிறந்தார். 1838ல் சென்னையில் வந்து இறங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்துத் தெற்கே புறப்பட்டார். அப்போது ரெயில் ஏது? கால்நடையாகவே நடந்தார். வழியெல்லாம் மக்களின் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே வந்தார். 1841 கடைசியில் இடையன்குடி வந்து சேர்ந்தார்.

மணலில் ஒரு ஊர்

எங்கே பார்த்தாலும் மணல். மணலுக்கு நடுவே பனை. ஏழைப் பனையேறிகள். இதுதான் அன்றைய இடையன்குடி. அங்கே கிணறு தோண்டினார், நேர் நேராகத் தெருக்கள் அமைத்தார், மரம் நட்டார், பள்ளிக்கூடம் வைத்தார். ஊரார் அவரை "ஐயர்" என்றார்கள். திருநெல்வேலிச் சீமையில் பாதிரிமாரை அப்படித்தான் அழைப்பது வழக்கம்.

1844ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் எலைசா, நாகர்கோவிலில் இருந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மகள். தமிழ் கேட்டு வளர்ந்த பெண். ஐயர் புத்தகத்தில் படித்த தமிழை அம்மாள் வாசலில் நின்று பேசினார். இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி, படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அம்மாளின் தாயார் மார்த்தா நாகர்கோவிலில் தொடங்கிய கைத்தொழில் அது. பெண் தன் கையால் நாலு காசு சம்பாதிப்பது அந்த நாளில் லேசான காரியமா?

வீடு நிறையக் குழந்தைகள். அத்தனைக்கும் நடுவில்தான் 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழும், தெலுங்கும், கன்னடமும், மலையாளமும், துளுவும் ஒரே குடும்பம். அவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று சான்றுகளோடு அந்நூல் சொன்னது.

ஒரு காயம்

ஐயர் குறையே இல்லாத மனிதர் என்று எழுதினால் அது பொய். 1849ல் பனையேறும் மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர்களைத் தாழ்த்திக் காட்டும் சொற்கள் அதில் இருந்தன. எந்த மக்களுக்காக உழைத்தாரோ, அந்த மக்களையே அது சுட்டது. அவர்கள் பிள்ளைகள் படித்தார்கள். அந்த நூலையும் படித்தார்கள். சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அந்நூலைப் புழக்கத்திலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. எழுத்தறிவு கொடுத்தவரையே அந்த எழுத்தறிவு கேள்வி கேட்டது என்பது என் எண்ணம்.

முத்துக் கரையில்

பாண்டியர் துறைமுகமாக விளங்கிய கொற்கை இன்று கடலை விட்டு விலகி உள்நாட்டில் கிடக்கிறது. ஐயர் அங்கே மண்ணைத் தோண்டிப் பார்த்தார். அடியில் கடற்சிப்பிகள் கிடைத்தன. தாமிரபரணி கொண்டு வந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது; கடல் பின்வாங்கிவிட்டது என்று விளக்கினார். பிறகு காயலும், அதன் பின் தூத்துக்குடியும் துறைமுகமாகத் தலையெடுத்த கதை இதுவே. 1881ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இந்தக் கரையின் முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுதினார்.

1876ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் ஜனங்கள் வந்து நின்றார்கள். ஐயர் உதவி திரட்டினார். 1877ல் கல்கத்தாவில் அவர் பிஷப்பாக்கப்பட்டார். இடையன்குடியில் கட்டத் தொடங்கிய தேவாலயமோ முடிந்தபாடில்லை. 1847ல் அஸ்திவாரம், 1880 ஜூலையில்தான் பிரதிஷ்டை. முப்பத்து மூன்று ஆண்டுகள்!

1883ல் சாயர்புரத்துக் கல்லூரி தூத்துக்குடிக்கு வந்தது. எழுபதை நெருங்கிய ஐயரும் அம்மாளும் அதோடு இங்கே குடிவந்தார்கள்.

1891 ஆகஸ்டு 28ந் தேதி கொடைக்கானலில் ஐயர் காலமானார். உடலை மலையிலிருந்து இறக்கி, இத்தனை தூரம் கொண்டுவந்து, தாம் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து மருமகன் வயட் பாதிரியார் ஐயரின் நினைவுக் குறிப்புகளைத் தொகுத்து அச்சிட்டார். 1968ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது.

அம்மாளுக்குச் சிலை இல்லை. 1899ல் அவரும் கண்ணை மூடினார். இடையன்குடிக் கோயிலில் ஐயருக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.