கொலர் மட்டும் தைக்கத் தெரிந்தவர்

கடந்த வாரம் பஸ் தரிப்பிடத்தில் எனது பழைய மாணவி ஒருவரைச் சந்தித்தேன். சாதாரண தரத்துடன் படிப்பை நிறுத்திவிட்டு ஆடைத் தொழிற்சாலையொன்றில் சேர்ந்தவர். ஆறு வருடம் வேலை செய்து, திருமணத்தின் பின் விலகியிருக்கிறார். "வீட்டிலேயே தைக்கலாமே மகள்" என்றேன். "சேர், எனக்கு கொலர் மட்டும்தான் தெரியும். சட்டை தைக்கத் தெரியாது" என்றார்.

அவருக்குப் பயிற்சி கிடைக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. கொலரின் மூலையைப் புரட்டுமுன் ஓரத் துணியை எவ்வளவு வெட்டினால் முனை கூராக வரும் என்பதை அவர் விளக்கிய விதம், நான் வகுப்பில் விளக்குவதை விடத் தெளிவாக இருந்தது.

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் ஹேர்பார்ட்டின் பாடப் படிமுறைகளை நாங்கள் மனனம் செய்தோம். அதே வழியில் வந்ததுதான் தொழிற்சாலைப் பயிற்சியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், புதிய தொழிலாளரை விரைவாகப் பழக்குவதற்காக அமெரிக்கா 1940இல் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. அதில் நான்கு படிகள்: ஆளைத் தயார்படுத்து, செய்துகாட்டு, செய்யவிட்டுப் பார், பின்தொடர். போருக்குப் பின் ஜப்பானுக்குச் சென்ற இம்முறை டொயோட்டாவில் வேரூன்றியது. வேலையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் கைநுணுக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுப்பதே இதன் பலம். தவறு குறையும், வேகம் கூடும்.

ஆனால் துண்டோடு நின்றுவிட்டால் திறன் அந்த லைனுக்கு வெளியே வராது. நல்ல தொழிற்சாலைகளில் யாருக்கு எந்த வேலை தெரியும் என்று ஓர் அட்டவணை வைத்திருப்பார்கள். ஒருவர் வராத நாளில் லைன் நிற்காமலிருக்க, ஏனையோருக்குக் கை, பொக்கட், பொத்தான் துளை எனப் பல வேலைகளைப் பழக்குவார்கள். இதில் நிர்வாகத்துக்கும் இலாபம், பிள்ளைக்கும் இலாபம். உற்பத்தி இலக்கு நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவதும் இதுதான். கொலரில் கெட்டிக்காரியை வேறு மெஷினுக்கு மாற்ற எந்த சூப்பர்வைசருக்கு மனம் வரும்?

நம் பெற்றோரில் பலர் அறியாத ஒரு வழி இருக்கிறது. தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ) ஏழு மட்டங்களைக் கொண்டது. வேலைத்தளத்தில் கற்றவர்கள் பாடநெறி எதுவும் படிக்காமலேயே, 'முன்கற்றல் அங்கீகாரம்' மூலம் இச்சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். நைட்டா போன்ற அரச பயிற்சி நிறுவனங்களில் விசாரிக்கலாம். சேவைக் கடிதம் போன்ற அத்தாட்சிகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்தும் காட்ட வேண்டும். குறையாக உள்ள பகுதிகளை மட்டும் பழகிக்கொண்டு மீண்டும் முயலவும் முடியும்.

மாணவியிடம் இதைச் சொன்னேன். அவரிடம் பழைய அடையாள அட்டை மட்டுமே இருக்கிறது. விலகும்போது சேவைக் கடிதம் கேட்கவேயில்லையாம். அடுத்த திங்கட்கிழமை உம்மாவையும் கூட்டிக்கொண்டு கேட்கப் போவதாகச் சொன்னார்.