பதினெட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில்!

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் நகருக்கு, வழியில் எங்கும் இறங்காமல் பறக்கும் விமானம் ஒன்று உண்டு. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். பயண நேரம் பதினெட்டு மணிக்கும் மேல். இத்தனை நேரமும் பயணி உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு நாற்காலியில்தான்!

பேரக் குழந்தையைப் பார்க்க அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போய் வந்த பாட்டி ஒருவர் உங்கள் தெருவிலும் இருக்கலாம். "காது அடைத்தது, நாக்கு வறண்டது, ஒரு வாரம் தூக்கம் இல்லை, கால் வீங்கிவிட்டது" என்று அவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த நான்கு தொல்லைகளுக்கும் நான்கு தனித்தனிக் காரணங்கள் உள்ளன. காரணம் தெரிந்தால் தடுக்கும் வழியும் விளங்கிவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

காது ஏன் அடைக்கிறது?

பெரிய விமானங்கள் தரையிலிருந்து 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் நான்கில் ஒரு பங்குதான். வெப்பநிலையோ பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரி செல்சியசுக்கும் மேல் இறங்கிவிடும். அந்தக் காற்றில் மனிதன் உயிர் வாழ முடியாது. எனவே விமானத்தினுள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள்.

ஆனால் தரையில் உள்ள அளவுக்கு முழு அழுத்தம் கொடுப்பதில்லை. கொடுத்தால் விமானத்தின் உடற்சுவர் தாங்க வேண்டிய சுமை கூடும், எடையும் கூடும். ஆகவே ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருக்கும் அழுத்தம் வரை குறைய விடுகிறார்கள். உதகமண்டலத்தின் உயரம் 2,240 மீட்டர். அதாவது, விமானம் எத்தனை உயரே பறந்தாலும், பயணி உதகையில் உட்கார்ந்திருப்பது போலத்தான்! சில புதிய விமானங்களில் இதை 1,800 மீட்டர் அளவிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். உதகைக்குச் சுற்றுலா போனால், அங்கே ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடி மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டு வாருங்கள். பாட்டில் நசுங்கியிருக்கும். உள்ளே இருப்பது மலைக்காற்று. வெளியே இருப்பது அதைவிட அழுத்தம் மிகுந்த சமவெளிக் காற்று. விமானம் தரை இறங்கும்போது நம் நடுச்செவிக்கும் இதே கதிதான். செவிப்பறை உள்நோக்கி அமுங்குகிறது. காது அடைக்கிறது, வலிக்கிறது.

நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழல் போகிறது. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அதன் வாய் திறந்து, காற்று உள்ளே போகும். ஆகவே இறங்கும் நேரத்தில் மிட்டாய் சப்பலாம், அடிக்கடி விழுங்கலாம். அதுவும் போதாவிட்டால் வாயை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக மூச்சை வெளியே தள்ளலாம். பலமாகத் தள்ளக் கூடாது. கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுத்தால் அதுவே விழுங்கிக்கொள்ளும். கடும் சளி இருந்தால் குழலின் வாய் வீங்கி அடைத்திருக்கும். புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வயிற்றிலுள்ள வாயுவும் இதே காரணத்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. எனவே பயணத்தன்று மொச்சை, பட்டாணி, சோடா இவற்றைத் தவிர்ப்பதும், இடுப்பில் இறுக்கமில்லாத உடை அணிவதும் நலம்.

நாக்கு ஏன் வறள்கிறது?

குளிர்ந்த காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியாது. விமானம் உள்ளே இழுத்துக்கொள்ளும் வெளிக்காற்றில் ஈரம் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். அதைச் சூடாக்கி உள்ளே அனுப்பும்போது அது பாலைவனக் காற்றைப் போல் ஆகிவிடுகிறது. நமது கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் இருப்பது சாதாரணம். விமானத்தினுள் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் குறைவு.

இதனால் உடம்பே வற்றிவிடும் என்று அஞ்ச வேண்டாம். வறள்பவை முக்கியமாகக் கண், மூக்கு, தொண்டை, தோல் ஆகியவைதான். அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தால் போதும். பல விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டித் தண்ணீர் கொண்டுபோக விடுவதில்லை. காலி பாட்டிலைக் கொண்டுபோய், சோதனை முடிந்த பின் நிரப்பிக்கொள்ளலாம். கண்ணில் ஒட்டுவில்லை அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்வது சுகம்.

தூக்கம் ஏன் போகிறது?

நம் மூளையின் அடிப்பகுதியில் ஒரு கடிகாரம் இருக்கிறது. முள்ளும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. ஆயிரக்கணக்கான நரம்பு செல்கள் சேர்ந்த ஒரு சிறு கூட்டம்தான் அது. எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது, எப்போது பசிப்பது என்று அது உடலுக்குச் சொல்கிறது. இத்தகைய உயிர்க்கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள்.

குளிர்காலத்தில் சென்னையிலிருந்து லண்டன் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மாலை 7 மணி. உங்கள் மூளைக் கடிகாரத்திலோ நள்ளிரவு 12.30! கைக்கடிகாரத்தை ஒரு நொடியில் திருப்பிவிடலாம். மூளைக் கடிகாரத்தைத் திருப்ப, ஒரு மணி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்.

இந்தக் கடிகாரத்தின் சாவி வெளிச்சம்தான். மேற்கே போனால், போன ஊரில் மாலை வெளிச்சத்தில் உலாவுங்கள். கடிகாரம் பின்னே தள்ளிப்போகும். கிழக்கே போனால் முற்பகல் வெயிலில் இருங்கள். அது முன்னே நகரும். பகலில் நெடுநேரம் உறங்காமல், அந்த ஊர் நேரப்படி சாப்பிட்டு, அந்த ஊர் இரவில் படுப்பதே சிறந்த மருந்து. மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது பலருக்குக் கடினம். பெரும்பாலோரின் மூளைக் கடிகாரம் 24 மணிக்குச் சற்று அதிகமாக ஓடுவதால், நாளை நீட்டுவது அதற்கு எளிது, குறைப்பது கடினம்.

கால் ஏன் வீங்குகிறது?

நான்கு தொல்லைகளில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான்.

இதயம் இரத்தத்தைப் பாதம் வரை தள்ளிவிடுகிறது. பாதத்திலிருந்து அது மேலே ஏறுவது எப்படி? இங்கே கெண்டைக்கால் தசை உதவுகிறது. நாம் நடக்கும்போது அது சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகள் போன்ற வால்வுகள் உள்ளன. ஆகவே பிழியப்பட்ட இரத்தம் கீழே திரும்பாமல் மேலேதான் போக முடியும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தி, கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கள். தசை இறுகுவது தெரிகிறதல்லவா? அதுதான் அந்தப் பம்ப்!

மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் பம்ப் நின்றுவிடுகிறது. நீர் கீழே தேங்குவதால் பாதம் வீங்குகிறது. இது தானே வடிந்துவிடும். ஆனால் சிலருக்கு, தேங்கிய இரத்தம் சிரைக்குள்ளேயே உறைந்துவிடுகிறது. அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

இதற்கு விமானம்கூடத் தேவையில்லை. 1940ஆம் ஆண்டில் லண்டன் மீது குண்டுமழை பொழிந்தபோது, மக்கள் இரவெல்லாம் பதுங்குமிடங்களில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். குண்டு படாமலே சிலர் திடீரென்று இறந்தார்கள். நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்ததே காரணம் என்று கீத் சிம்ப்சன் என்ற மருத்துவர் அந்த ஆண்டே எழுதினார். ஆக, குற்றவாளி உயரமல்ல, அசையாமல் உட்காருவதுதான். பேருந்து, ரயில், கார் எதிலும் இது நேரலாம்.

2007ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணிக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த அபாயம் ஏறக்குறைய இருமடங்காகிறது. இருந்தாலும் அத்தகைய விமானப் பயணிகளில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே இது நேருகிறது. பயப்பட வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

செய்ய வேண்டியவை எளியவை. அரை மணிக்கு ஒருமுறை குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றி இருபது தடவை உயர்த்துங்கள். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கினால் இது சுலபம். காலடியில் பையைத் திணித்து இடத்தை அடைக்காதீர்கள். இறுக்கமான காலணி வேண்டாம். தூக்க மாத்திரை போட்டு மரம்போல் கிடப்பதும் நல்லதல்ல. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், முன்பே இரத்தக்கட்டி வந்தவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே புறப்பட வேண்டும். சிலருக்குக் காலை இறுக்கிப் பிடிக்கும் தனி உறையை அவர் சிபாரிசு செய்யலாம்.

இன்னொன்று: அன்றாடம் சாப்பிடும் மருந்துகளை, மருந்துச் சீட்டுடன், கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி வழிதவறினாலும் மருந்து தவறாது. இன்சுலின் போடுபவர்கள், நேரம் மாறும் ஊரில் எப்போது போடுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டில் யாராவது நெடும்பயணம் புறப்பட்டால், குதிகால் பயிற்சியை நீங்களே செய்து காட்டுங்கள். கூடவே இதையும் சொல்லி அனுப்புங்கள்: போய்ச் சேர்ந்த பின், சில வாரங்கள் கழித்துக்கூட, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, "பயணக் களைப்பு" என்று படுத்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விமானத்தில் வந்ததையும் அங்கே மறக்காமல் சொல்ல வேண்டும்.